அட்டைப் பீடத்தில் வைத்த பொட்டு

ஒன்பதாம் வகுப்பில் என் மகளுக்கு பிஷப் வேடம் விழுந்தது. உலக வரலாறு வகுப்பில் ரோமாபுரிப் பாடம் முடிகிற சமயம். பெற்றோரை ஒரு சாயங்காலம் அழைத்து, பழைய ரோம் நகரத்துச் செனட் சபையைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். யார் யாருக்கு எந்த வேடம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

ஆசிரியை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வழக்கு. செனட் மண்டபத்தில் வெற்றித் தேவதைக்கு ஒரு பீடம் இருந்ததாம். உறுப்பினர்கள் உள்ளே வரும்போது அதில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் உட்காருவார்களாம். அரசர்கள் கிறிஸ்தவர்களாக மாறியபின் அந்தப் பீடத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். பழைய வழக்கத்தை விடாத ஒரு முதிய செனட்டர், திரும்ப வையுங்கள் என்று அரசனிடம் மன்றாடுகிறார். வைக்கக்கூடாது என்று ஒரு பிஷப் எதிர்க்கிறார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய அரசனோ மீசை முளைக்காத பையன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கதை. நான் ஈரோடு பக்கத்துப் பள்ளியில் ப்ளஸ் டூ வரைக்கும்தான் படித்தவள். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் ரோமுக்கு ஒரு பக்கம் இருந்திருந்தால் அதிகம். இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த முதிய செனட்டரின் வேடம் என் தோழியின் மகளுக்கு விழுந்தது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம். புதிதாக எழும்பிய குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். என் கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். நான் இந்தியன் க்ரோசரி கடையில் காய்கறி அடுக்குகிற பகுதியில் பாதி நாள் வேலை பார்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இத்தனை வருஷத்தில் எனக்கு இங்கே அமைந்த ஒரே சிநேகிதி, தெருமுனை வீட்டில் இருக்கும் பாளையங்கோட்டைக்காரி. என்னைவிடச் சின்னவள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்களுக்குச் சபையில் ஆராதனை. குங்குமம், நகை, சினிமா எதுவும் கிடையாது. அவள் கணவர் அதில் இன்னும் கறார்.

எங்களுக்குள் சாமி பேச்சு வந்ததில்லை. வராமல் இருந்ததால்தான் நன்றாக இருந்ததோ என்னவோ. கிறிஸ்துமஸுக்கு அவள் தரும் கேக்கை நாங்கள் சாப்பிடுவோம். பொங்கலுக்கு நான் வைத்த பொங்கலை அவள் சாப்பிட்டதில்லை. கொலுவுக்குக் கூப்பிட்டால் அன்றைக்கு ஏதாவது வேலை இருக்கும். நான் ஏன் என்று கேட்டதில்லை.

மகள் பிஷப்பாக நடிக்கிறாள் என்றதும் என் கணவர் சிரித்தார். "நம்ம புள்ள பீடத்தத் தூக்கி வெளிய போடுங்கன்னு பேசுதாக்கும். பேசட்டும். ஊருக்கு வீடியோ கீடியோ அனுப்பிப்போடாத" என்றார். தோழி வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காரில் போகும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, புள்ளைகளுக்குள்ள மாத்திக்கிட்டா என்ன? உங்க பொண்ணு அந்தத் தாத்தாவா பேசட்டும். இவ பிஷப்பா பேசட்டும். ரெண்டு பேருக்கும் மனசுக்கு ஒட்டும்லா."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பிள்ளைகள்தான் சம்மதிக்கவில்லை. நம்முடையது அல்லாத பக்கத்துக்காகப் பேசிப் பார்ப்பதுதான் பாடமே என்று ஆசிரியை சொல்லியிருக்கிறாராம். "தட்ஸ் த ஹோல் பாயிண்ட், அம்மா" என்று என் மகள் முடித்துவிட்டாள். தோழியின் மகள் அதிகம் பேசாத பெண். அந்தச் செனட்டரின் பேச்சை அதற்குள் பாதி மனப்பாடம் செய்திருந்தாள். கடைசியில் தோழி தன் கணவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். அவள் அவரிடம் சொன்ன காரணம் ஒன்றுதான்: அது அட்டை. பள்ளிக்கூடத்து அட்டைக்கு முன்னால் நின்று பிள்ளை ஒரு பாடத்தை ஒப்பிக்கிறாள், அவ்வளவுதான்.

என் மகள் சமையலறையில் நின்று பேசிப் பழகுவாள். நான் மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். பிஷப்பின் வாதம் இதுதான்: செனட்டில் கிறிஸ்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் அந்தப் புகை அவர்கள் கண்ணிலும் மூக்கிலும் ஏற வேண்டுமா? தங்களுக்கு ஆகாத பூஜைக்கு அவர்கள் ஏன் சாட்சியாக உட்கார வேண்டும்?

நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனசு அந்தக் கிழவர் பக்கமே போனது. தன் அப்பாவும் தாத்தாவும் சாம்பிராணி போட்ட இடம் அது. ஒரு காலத்தில் ஊரே அவர் பக்கம் இருந்தது. இப்போது அவர் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இதைச் சொன்னதும் மகள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஹி இஸ் நாட் ராங், அம்மா. பட் ஐ ஹாவ் டு வின்" என்றாள்.

பீடம் எங்கள் கராஜில் தயாரானது. அங்கேதான் இடம் இருந்தது. ஃபோம் போர்டை வெட்டி ஒட்டி, பளிங்கு மாதிரி சாம்பல் வண்ணம் அடித்தார்கள். மேலே தெர்மாகோலில் ஒரு தேவதை. அதற்கு இரண்டு பக்கமும் பெரிய ரெக்கை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். சாம்பிராணி கேட்டார்கள். எரிக்க அனுமதி இல்லை, கிண்ணத்தில் சும்மா போடுவதற்குத்தான் என்றார்கள். எங்கள் கடையிலிருந்து கட்டிச் சாம்பிராணி வாங்கி இடித்துக் கொடுத்தேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எதையும் விடுவதில்லை. அடுப்பு, மிக்ஸி, அரிவாள்மனை, லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு கராஜுக்குப் போனேன். இரண்டு காருக்கும் வைத்தேன். புல் வெட்டுகிற மெஷினுக்கு, கணவரின் ட்ரில்லுக்கு, வாக்குவம் க்ளீனருக்கு, துடைப்பத்துக்கு. வரிசையாக வைத்துக்கொண்டே போனதில், சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த பீடத்துக்கும் வைத்துவிட்டேன். நடு நெற்றியில் வைப்பதுபோல நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு பூவும் வைத்தேன். வைத்துவிட்டு வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தோழி தன் மகளைக் கூட்டிப்போக வந்தாள். நான் பொரி டப்பாவோடு கராஜுக்கு வந்தபோது, அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அவள் திரும்பி, "வாம்மா, போலாம்" என்று மகளை மட்டும் அழைத்தாள்.

மறுநாள் வழக்கமாக வரும் குட் மார்னிங் மெசேஜ் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு வரி வந்தது. அவர் வேண்டாம் என்கிறார், பிள்ளைக்கு வேறு வேலை கேட்டிருக்கிறோம், தப்பாக நினைக்க வேண்டாம்.

என் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, இட்ஸ் ஃபோம் போர்ட். ஒய் வுட் யூ டு தட்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஈரத் துணியில் துடைத்துவிடு, இதற்குப் போய் என்ன என்றார் கணவர். துணியை எடுத்துக்கொண்டு போனேன். கை போகவில்லை. அது வெறும் அட்டை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்த குங்குமத்தை அப்படியே வழித்துப் போட மனசு வரவில்லை. மேலே பெயிண்ட் அடித்து மறைக்கலாம் என்றும் தோன்றியது. பார்த்தவள் கண்ணை என்ன செய்வது?

ஒரு வேடம் போனதற்காக நான் அவ்வளவு கலங்கவில்லை. இந்த ஊரில் நான் வாயைத் திறந்து பேசுகிற ஒரே மனுஷி அவள். அவளும் போய்விட்டால் கடை, வீடு, காய்கறி, இவ்வளவுதான் என் வாழ்க்கை. மத்தியானமே கிளம்பி அவள் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெருவில் யாரும் நடப்பதில்லை. புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் குழாயைக் கீழே இறக்கி வழி விட்டார்.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள் அது. கதவைத் திறந்து, "உள்ள வாங்கக்கா" என்றாள். காபி போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள்.

"துடைப்பத்துக்கும் வெச்சிருந்தீங்களே."

"ஆமாங்க."

"வாக்குவம் க்ளீனருக்கும். அத வெச்சு மறுநா வீடு கூட்டத்தானே செய்வீங்க?"

"அன்னிக்கு ஒரு நாள் தொடமாட்டோமுங்க. அடுத்த நாள் கூட்டிக்குவோம்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில், வேண்டுமென்று வைக்கவில்லை, ஒரு பொட்டுதானே என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது. ஆனால் குரலில் கோபம் இல்லை.

"வெக்கும்போது என்னக்கா நெனச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் நெனைக்கலீங்க. கை வெச்சிருச்சு."

"அதான். உங்க கை சும்மா வெக்காதுக்கா, எனக்குத் தெரியும். நான் அவர்ட்ட அட்டைன்னு சொல்லித்தான் சரின்னு சொல்ல வெச்சேன். இப்ப என்னன்னு சொல்லுவேன்?" கோப்பையை நகர்த்தி வைத்தாள். "ஒரு சிட்டிகைதானன்னுதான் ராஜாக்கள் மாறுறதுக்கு முந்தி ரோம்ல எங்க ஆளுககிட்டயும் கேட்டாங்க. போட்டுட்டு வீட்டுக்குப் போங்கன்னு. போடாதவங்க உயிரோட வீட்டுக்குப் போகல. ஞாயித்துக்கிழம கிளாஸ்ல சின்னப்புள்ளையில இருந்து கேட்டு வளர்ந்திருக்கேன். என் புள்ள கையில அந்தக் கிண்ணத்தப் பாத்தா எனக்கு அதான் ஞாவகம் வருது."

என் மகள் வாதாடிய புகை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோழி, தான் சென்னையில் பார்த்த முதல் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஆயுத பூஜை அன்று ஆபீஸ் முழுக்கக் கூடி நிற்பார்களாம். இவள் மட்டும் மாடிப்படியில் போய் நின்றுகொள்வாள். பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது மேனேஜர், "படிக்கட்டு அம்மாவுக்குச் சாமி வேண்டாம், பொரி மட்டும் வேணுமோ" என்பாராம். எல்லாரும் சிரிப்பார்களாம். அவளுக்குப் பொரி ரொம்பப் பிடிக்கும். அங்கே இருந்தவரை ஒரு பிடிகூட வாங்கவில்லை.

நான் சாதாரணமாகச் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். பள்ளி வாத்தியக் குழுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பெற்றோர் சேர்ந்து ஒரு விருந்து வைப்பார்கள். சாப்பிடுவதற்கு முன் யாராவது ஒருவர் எழுந்து இயேசுவின் பெயரில் ஜெபம் செய்வார். மண்டபமே தலை குனியும். கையைக் கட்டுவதா, கும்பிடுவதா, கண்ணை மூடுவதா, எனக்கு எதுவும் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்களோ என்று இருக்கும்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அந்த விருந்திலெல்லாம் அவள் எனக்குப் பக்கத்து நாற்காலிதான்.

"நீங்க கண்ண மூடிட்டு நிப்பீங்களேக்கா. நீங்களும் ஜெபிக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

"சாப்பாடு ஆறிப்போகுதேன்னு நெனச்சுட்டு நிப்பேனுங்க."

இந்த முறை அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வேடத்தைப் பற்றி அவள் மனசு மாறியதாகத் தெரியவில்லை. புதிதாக ஒரு பீடம் செய்து தருகிறேன் என்றேன். இல்லை, அவர் ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் பள்ளி பஸ் வந்ததைக் கவனிக்கவில்லை. அவள் மகள் பையோடு வாசலருகே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. என்னைப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி" என்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"மம்மி, ஹி இஸ் நாட் ஆஸ்கிங் யூ டு ப்ரே. ஹி இஸ் ஆஸ்கிங் யூ டு லெட் ஹிம்."

அந்தக் கிழவரைத்தான் சொல்கிறாள். அந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தோழி மகளின் பையை வாங்கி நாற்காலியில் வைத்தாள். காபி கோப்பைகளைக் கழுவினாள். துடைத்தாள். அடுக்கினாள். அப்புறம் எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"பேசட்டும். சாம்பிராணி போட மாட்டா. அத டீச்சர்ட்ட நான் சொல்லுதேன். அவங்க அப்பாட்டயும் நானே சொல்லுதேன். அட்டைன்னு சொல்ல மாட்டேன், பொட்டு வெச்சதுன்னே சொல்லுதேன். அப்புறம் கர்த்தர் சித்தம்."

அவர் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் குட் மார்னிங் மெசேஜ் வந்தது.

பள்ளி நூலகத்தில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பீடத்தை வாசலருகே வைத்தார்கள். வழக்கு முடிந்ததும் ஒன்று நடுவுக்கு வர வேண்டும், இல்லை வெளியே போக வேண்டும். பொட்டு அப்படியேதான் இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அந்தக் காலத்துச் சிலைகளுக்கெல்லாம் வண்ணம் பூசியிருப்பார்களாம். பிள்ளைகள் அந்த அளவுக்குத் தேடிப் படித்திருக்கிறார்களே என்றார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் குறுகிக்கொண்டேன்.

தோழியின் மகள் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு முதலில் பேசினாள். குரல் சின்னது. சத்தம் போடாமல், அந்தப் பையன் அரசனைப் பார்த்து மட்டும் பேசினாள். என் ஆங்கிலத்துக்குப் புரிந்தவரை, அந்தக் கிழவர் கேட்டது அதிகம் இல்லை. பேசி முடித்துப் பீடத்தின் பக்கம் போனாள். சாம்பிராணிக் கிண்ணம் அங்கேயே இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அவள் அப்பா அதுவரை முன்னால் சாய்ந்திருந்தார். அப்போதுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

என் மகள் நன்றாகப் பேசினாள். அம்மா என்பதால் சொல்லவில்லை. புகையைப் பற்றிச் சொன்ன இடத்தில் அறையே அமைதியாகிவிட்டது.

அதன்பிறகுதான் எனக்குச் சோதனை வந்தது. ரோமில் வாக்குப் போடுவது கையைத் தூக்கி அல்லவாம். யார் பக்கமோ அவர் பக்கம் எழுந்து நடந்து போய் நிற்க வேண்டும். பெற்றோரும் செனட்டர்கள்தான், யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது என்றார் ஆசிரியை. நாற்காலிகள் நகர்ந்தன. பெரும்பாலானவர்கள் பிஷப் பக்கம் போனார்கள். என் கணவரும் அங்கேதான் போனார். மகள் ஜெயிக்க வேண்டும், அவருக்கு வேறு கணக்கு இல்லை. தோழியும் அவள் கணவரும் அங்கே போனார்கள். அது அவர்களுடைய பக்கம். எதிர்ப்பக்கம் தோழியின் மகள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட நின்றது வகுப்புப் பிள்ளைகள் சிலரும், எங்கள் கடைக்கு வரும் ஒரு குஜராத்திப் பெரியவரும்தான்.

நடுவில் வெறும் தரை. எல்லாரும் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். மகளைப் பார்த்தேன். அவளுக்கு என் பதில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். லேசாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தரையைத் தாண்டி நடந்து போய்த் தோழியின் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள், உதடு மட்டும் அசைய. எதிரே பார்த்தால் தோழி என் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். நாங்கள் இருவரும் அவரவர் பக்கத்தில்தான் நின்றோம். பிள்ளைகள்தான் மாறியிருந்தார்கள்.

தலைகளை எண்ணிப் பார்த்து, பீடம் வெளியே போக வேண்டும் என்று அந்தப் பையன் அரசன் தீர்ப்புச் சொன்னான். தோற்றவர்கள்தான் தூக்க வேண்டுமாம். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அந்தப் பெண் பிடிக்க வந்தாள். போர்வை காலில் சிக்கியது. அதற்குள் தோழி வந்து, "நீ தள்ளு" என்று மகளை விலக்கிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். பொட்டு இருந்த பக்கம் அவள் பக்கமாக அமைந்துவிட்டது. அவள் பார்த்தாள், கையை எடுக்கவில்லை.

பார்க்கிங்கில் காற்று பலமாக அடித்தது. ரெக்கை இரண்டும் படபடத்தன. என் காரின் டிக்கியில் எப்படித் திருப்பினாலும் பீடம் நுழையவில்லை.

"இத ட்ராஷ்லயும் போட முடியாதுலா உங்களுக்கு" என்றாள் தோழி.

"முடியாதுங்க. தண்ணில விடோணும்."

"இது ஃபோம்க்கா. முங்காது. நம்ம குளத்துல வாத்துகூட சேந்து சுத்திட்டே இருக்கும். கம்யூனிட்டி ஆபீஸ்ல இருந்து கம்ப்ளைண்ட் லெட்டர் வரும்."

அதற்குள் அவள் கணவர் அவர்களுடைய பெரிய வண்டியை எடுத்து வந்து எங்களருகே நிறுத்தினார். பின்கதவு தானாகத் திறந்தது. அவள் என்னிடம் கேட்கவுமில்லை, அவரிடம் சொல்லவுமில்லை. பீடத்தை உள்ளே தள்ளினாள். முக்கால்வாசி போய்விட்டது. ஒரு ரெக்கை மட்டும் அவர் சீட்டின் முதுகில் முட்டி வளைந்தது.

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரெக்கையைப் பார்த்தார், பொட்டையும் பார்த்திருப்பார். குனிந்து ஏதோ பொத்தானை அழுத்தினார். அவருடைய சீட் மெதுவாக முன்னால் நகர்ந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் வரைக்கும் நகர்த்தினார். ரெக்கை நிமிர்ந்துகொண்டது.

"போதுமா?" என்று கேட்டார்.

"போதுமுங்க" என்றேன்.